எல்லாருக்கும் கேட்கும் சேனல்

"ஆபரேட்டர்! லோடு ஆடுது! ஏன் பாதியில நிறுத்திட்டீங்க? பேசுங்க!"

வாக்கி-டாக்கி அலறியது. அறுபது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், ஆபரேட்டருக்குப் பேச்சே வரவில்லை. கழுத்திலிருந்து உச்சந்தலைவரை குப்பென்று சூடு ஏறியது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. லீவரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. கொக்கியிலோ இரண்டு டன் கம்பிக் கட்டு!

"பேசுங்கன்னு சொல்றேன்ல!"

பாதுகாப்பு அதிகாரியின் குரல். அந்தம்மா கீழே ஆட்களை விரட்டி விரட்டி ஒதுக்குவது மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். வெயிலு."

"வானம் மூடிக் கிடக்குது, வெயிலாம்! நெஞ்சு வலிக்குதா? கை இழுக்குதா?"

"இல்ல. உள்ளுக்குள்ள அடுப்பு மூட்டின மாதிரி இருக்கு. கை நடுங்குது."

"சரி. பிரேக் போடுங்க. போட்டாச்சா? லீவரை விடுங்க. ஜன்னலைத் திறந்து, கழுத்துல தண்ணி ஊத்துங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க. இன்னும் மெதுவா."

செய்தார். கம்பிக் கட்டின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"இது முதல் தடவை இல்லையே?"

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று மாதமாக இதே கூத்து. வெளியே சொன்னால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்களே! அன்று காலையில்கூட ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அந்தம்மாவிடம் காட்டுக்கத்தல் கத்தியிருந்தார்.

"சரியான தூக்கம் கிடையாது. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறது. அப்புறம் தனியா போய் கண்ணைத் துடைச்சுக்கறது. சரிதானே?"

ஆபரேட்டருக்கு மானமே போய்விட்டது. "மேடம், இது எல்லாருக்கும் கேக்கற சேனல்!"

"கேக்கட்டும். இங்க மேஸ்திரிக்கும் அம்பது தாண்டியாச்சு. காதைத் தீட்டிக்கிட்டுத்தான் நிக்கறாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதெல்லாம் அம்பது வயசுல பொம்பளைங்களுக்கு வர்றது மேடம்."

"யார் சொன்னா? வயசு ஏறினா ஆம்பளை உடம்பும் மாறும். கவலையும் சேர்ந்துக்கிட்டா இப்படிப் பொங்கும். எனக்கு வந்தப்ப ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அப்படி இருக்க வேணாம். என்னன்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். கை எப்படி?"

"நடுக்கம் நின்னுடுச்சு."

"காலி இடத்துல இறக்குங்க. அவசரமே இல்ல. வரட்டும்... வரட்டும்... இன்னும் கொஞ்சம்... போதும்!"

கம்பிக் கட்டு பூப்போல மண்ணில் உட்கார்ந்தது. கீழே விசில் பறந்தது. கைதட்டல் கூண்டுவரை கேட்டது.

ஏணிப்படிகளில் நின்று நின்று இறங்கி வந்தார். கால் தரையில் பட்டதும்தான் உயிர் வந்தது. அதிகாரி ஒரு தாளை நீட்டினார்.

"டாக்டர் கையெழுத்து இல்லாம மேல ஏறக் கூடாது."

"வேலை போயிடுமா மேடம்?"

"போகாது. கிரேன் சீட்டு உங்களுக்குத்தான். நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

பிறகு வாக்கி-டாக்கியை அணைத்தார். அதுவரை கணீரென்று ஒலித்த குரல் சட்டென்று உடைந்தது.

"மூணு மாசமா பக்கத்துலயே படுத்திருக்கேன். என்கிட்ட இதைச் சொல்ல, கிரேன் மேல ஏறணுமாங்க உங்களுக்கு?" என்றாள், இருபத்தாறு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தும் மனைவி.