ஒட்டுவாரொட்டி

டாக்டர் அறை வாசலில் கோவிந்தராஜுலு முழங்கையைச் சொறிந்த சொறியில், பக்கத்து நாற்காலிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"பாத்தியா அம்மணி, இத்தனை கூட்டத்துலயும் நமக்குத் தாராளமா எடம் கெடைக்குது."

மனைவி ரங்கநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வருவதில்லை; அதெல்லாம் வற்றி மாசக்கணக்காகிறது. உள்ளங்கையைச் சேலையில் தேய்த்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடமாக அவளுக்கு அரிப்பு. தடிப்பில்லை, படையில்லை. நாலு களிம்பு தீர்ந்தும் அது தீரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அத்தை. வயித்துல புள்ளை இருக்குது," என்று மருமகள் பூஜிதா தயங்கித் தயங்கிச் சொன்ன அன்றே, ரங்கநாயகி தன் தட்டு, டம்ளரோடு மாடி ரூமுக்குப் போய்விட்டாள். ஒரே வாரம். கோவிந்தராஜுலுவும் சொறிந்துகொண்டே தலையணையோடு படியேறி வந்தார்.

அவள் கையெல்லாம் நகக்கீறல். அவர் கையில் ஒரு கோடுகூடக் கிடையாது. ஆம்பளைத் தோல் தடிமன் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், தன்னோடு போகவேண்டியதை இந்த மனுசனுக்கும் ஒட்டவிட்டாயிற்று.

"நீங்களும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்திருக்கலாமுங்க."

"எனக்கு வந்தது கிளை ஆபீஸ் அம்மணி. மொதல்ல ஹெட் ஆபீசைப் பாக்கட்டும்."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மெர்சி ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"உங்க தோல்ல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. கல்லீரலுக்குள்ள பித்தம் போற சின்னச் சின்னக் குழாயெல்லாம் அழற்சியாகியிருக்குது. பித்தம் சரியா எறங்காமத் தேங்குது. அரிப்பு அதனாலதான்."

வேறு யாருக்கோ சொல்வதைக் கேட்பதுபோல ரங்கநாயகி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க. தெனமும் மாத்திரை, விடாம சாப்பிடணும். அரிப்புக்குத் தனியா ஒரு தூள் தாரேன், தண்ணியில கலக்கிக் குடிங்க. கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

"இவருக்கும் அதே மாத்திரைதானுங்களா?" அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "என்கிட்ட இருந்துதானுங்க ஒட்டிக்கிச்சு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டறதா? இது யாருக்கும் ஒட்டாதுங்கம்மா."

முழங்கையில் ஓடிக்கொண்டிருந்த கோவிந்தராஜுலுவின் விரல்கள் நின்றன. சுவரில் மாட்டியிருந்த கல்லீரல் படத்தை, பரீட்சைக்குப் படிப்பவர்போல அவர் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

ரங்கநாயகி மெல்லத் திரும்பினாள்.

"அப்பறம் நீங்க எதுக்குங்க சொறிஞ்சீங்க?"