மூன்றாம் கட்டத்து டைனோசர்

பெண் அழைப்புக் கார் மதகடிப்பட்டைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோதுதான் மாப்பிள்ளை தமிழ்க்குமரன் அந்த பேனரைப் பார்த்தான்.

அருகே ஓடினான்.

மண்டப வாசலில், வாழைமரத்தை ஒட்டி, பத்தடி உயரத்துக்கு ஒரு காமிக்ஸ். செல்போனில் கட்டம் கட்டமாக வருமே, அந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமையானால் டிவியில் போடும் டைனோசர் படத்தை வைத்துக் கிண்டல்.

முதல் கட்டத்தில் டம்ளர் தண்ணீர் நடுங்குகிறது. இரண்டாவதில், கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பட்டுவேட்டியோடு பதுங்கியிருக்கிறான் ஒரு குள்ள மாப்பிள்ளை. மூன்றாவதில், கூரைப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்த டைனோசர். கையில் மாலை. அந்தக் குட்டைக் கை அவன் கழுத்துக்கு எட்டவே இல்லை.

மணப்பெண் புவனேஸ்வரி அவனைவிட ஒரு சாண் உயரம். நிச்சயதார்த்தப் பந்தியில் அவன் சித்தப்பா பலராமன், "தென்னமரத்துக்குப் பக்கத்துல கத்திரிச்செடி" என்று சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள் பாவம்.

இன்றைக்கு இதைப் பார்த்துவிட்டு, காரிலிருந்து இறங்காமலே பண்டசோழநல்லூருக்குத் திரும்பிவிட்டால்?

கூட்டாளி கலைச்செல்வனின் சட்டையைப் பிடித்தான்.

"மச்சான், எங்கம்மா சத்தியமா நாங்க வெக்கலடா!"

பந்தக்கால் நடும் முன்பே பேனர் நடுகிற கூட்டம் அது. யார் நம்புவது?

சீரியல் லைட் கட்டுகிறவரின் ஏணியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினான். ஒரு முடிச்சை அவிழ்த்தாயிற்று. அடுத்தது நைலான் கயிறு, சனியன், அவிழ மாட்டேன் என்றது. பல்லை வைத்தான்.

அதற்குள் மேளம் வந்தேவிட்டது. காரும் நின்றது.

புவனேஸ்வரி இறங்கி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாங்க, அத ஏன் அவுக்குறீங்க? மூணு நாளு உக்காந்து வரைஞ்சி, எங்கண்ணன உட்டு நான்தான் கட்டச் சொன்னேன். ஊரு சொல்றதுக்கு முந்தி நம்மளே சொல்லிட்டா, அப்பறம் அவங்க சொல்ல இன்னா இருக்கு?"

வாயில் கயிற்றோடு அவன் திருதிருவென்று விழித்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டுவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

போட்டோகிராபர் அரங்கநாதன் ஜாடையாகக் கண்ணைக் காட்டிவிட்டு, பட்டுத்துணி சுற்றிய ஒரு பலகையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார். ஒரு சாண் உயரப் பலகை. போட்டோவில் உயர வித்தியாசம் தெரியாதபடி ஏறி நிற்கச் செய்யச் சொல்லி, ஒரு வாரம் முன்பே ரகசியமாக அளவு கொடுத்திருந்தது தமிழ்க்குமரன்தான்.

"வேணாண்ணே," என்றான். "எடுத்துடுங்க."