பச்சைன்னு ஒரு வார்த்தை

சூரியப் பலகைகளுக்குப் பக்கத்தில் வசிப்பவர் ‘பச்சை’ என்று கருவியிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் இப்போதெல்லாம் அந்த மின்சாரத்தை விற்க முடியும்.

பலகைகளின் முதலாளி தணிகாசலம் கருவியை மாடத்தியிடம் நீட்டினார். பலகைகளைக் கழுவியே அவளுடைய கிணற்றை வற்றடித்தவர் அவர். அவளுடைய ஆடுகள் தாகத்தில் செத்தன.

“வெயில்ல வர்ற கரண்டு, தாயி. பொகை கெடையாது. பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“பச்சத் தண்ணிக்கு வழியில்லாம ஆக்கிட்டு, பச்சைன்னு சொல்லச் சொல்றீகளா?”

“பழசை விடு, தாயி.”

மாடத்தி கருவியின் பக்கம் குனிந்தாள். “பச்ச...” என்று இழுத்தாள். கருவியின் விளக்கு பச்சையாக எரிந்தது. தணிகாசலம் கும்பிட்டார். அந்த முகத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, “...ப் பொய்யி” என்று முடித்தாள்.

விளக்கு சிவந்தது. மின்சாரம் விலைபோகாத பலகைகள் வெயிலில் கிடந்தன, அவளுடைய ஆடுகள் கிடந்ததைப்போல.