குளவிக்காகப் பேசிய நத்தை

ஒரு காட்டில் தேன்கூட்டுக்குள் யாரோ புகுந்து நாற்பது குஞ்சுகளைக் கொன்றுவிட்டார்கள். பக்கத்தில் திரிந்த குளவியைத் தேனீக்கள் பிடித்து வந்தன. சுற்றி மொய்த்துத் தங்கள் உடல் சூட்டிலேயே வேகவைப்பதுதான் அங்கே தண்டனை. அதற்கு முன் குளவிக்காக யாராவது பேச வேண்டும், அவர் கேட்பதற்குத் தேனீக்கள் பதில் சொல்ல வேண்டும். அது வழக்கம். அதிகம் பேசாதவர் என்று நத்தையைக் கூட்டி வந்தார்கள்.

“ரெண்டு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்புங்க பெரியவரே,” என்றது காவல் தேனீ.

“இவன்தான்னு எப்படித் தெரியும்?” என்றது நத்தை.

“உடம்புல கோடு, பின்னால கொடுக்கு. வேறென்ன வேணும்?”

நத்தை கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தது. “இங்க அது யாருக்கு இல்ல?”

“அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டினவ நான்,” என்றது ஒரு கிழத் தேனீ. “கொலைகாரனுக்குப் பரிஞ்சு பேசுறியே, உனக்கு மனசே இல்லையா?”

“இருக்கு தாயி. ஊட்டினவகிட்ட தப்பான ஆளைக் காட்டிடக் கூடாதுல்ல.”

குளவி மெல்ல, “நானே செஞ்சிருந்தா?” என்று கேட்டது.

“அப்பவும் கேப்பேன்பா.”

சாட்சி தேடினார்கள், கிடைக்கவில்லை. குளவியை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை வந்து பேச, ஆற்றோரம் ஒரு கூழாங்கல்லைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.