மஞ்சள் கட்டம்

மூன்றாவது இழுப்பில் மகள் வருவது தெரிந்தது.

கழிப்பறைக்குப் போனவள். வரிசை இருக்கும், பத்து நிமிடமாவது ஆகும் என்று நம்பியிருந்தார். நாலே நிமிடத்தில் படியேறிவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு.

சிகரெட்டைக் கீழே போட முடியாது.

ஜெர்மனியில் வந்து இறங்கிய அன்றே மாப்பிள்ளை பாடம் எடுத்திருந்தார். ரயில் நிலையத்தில் மஞ்சள் கோடு போட்ட கட்டம் இருக்கும், புகைக்கிறவர்கள் அதற்குள்தான் நிற்க வேண்டும். பற்றவைத்ததோடு கோட்டைத் தாண்டக் கூடாது. துண்டைத் தரையில் போட்டால் அபராதம். உங்களுக்குத்தான் இதெல்லாம் தேவையில்லையே மாமா, சும்மா தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

சாம்பல் தொட்டி கட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

அவள் வருகிற பக்கம்.

ஈரோட்டில் என்றால் ஒரு லாரி நிற்கும், டீக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். ஒளிந்து குடிக்கிறவனுக்கு ஊரே ஒத்தாசை செய்யும். இங்கே கட்டம் கட்டி, தலைக்கு மேல் பலகையும் மாட்டி, எல்லோரும் பார்க்க வந்து நில்லுங்கள் என்கிறார்கள். நல்ல சட்டம்தான். திருட்டுத்தனமாகக் குடிக்கிறவனைப் பற்றி யோசிக்காமல் போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சிகரெட்டைக் கேட்டுக்கூட வாங்கவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டத்துக்குள் வந்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் பாக்கெட்டை நீட்டினார். பதினொரு மாதம் தொடாத கை தானாகப் போய் எடுத்துக்கொண்டது.

பதினொரு மாதத்துக்கு முன்பு, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள் மகள். இனித் தொட மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சொல்லுங்கள் என்றாள். சொன்னார். அந்தச் சத்தியம் தவறினால் யார் தலையில் விடியும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது அவள் ஒருத்தி. இப்போது அவளுக்குள் இன்னொன்று.

இன்றைக்கு ஸ்கேன். பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்கலாம் வாங்க என்று அவரையும் கூட்டிவந்திருந்தாள்.

விரல்கள் தாமாக மடங்கின. இளவட்டத்தில் பழகியது. அப்பாவோ சித்தப்பாவோ எதிரே வந்தால் எரிகிற சிகரெட்டை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு நிற்பார்கள். அது மரியாதை. பெரியவர்களுக்காகப் பழகிய வித்தையை இன்று பெற்ற மகளுக்குச் செய்தார்.

அந்த வயதில் சுடாமல் பிடிக்கத் தெரியும். இப்போது கை மறந்திருந்தது.

மகள் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே நாலைந்து பேர் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி அதற்குள் வருவாளா? இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். இங்கேதான் வெயில் விழுகிறது என்றார்.

பொய்யில்லை. பிளாட்பாரம் முழுக்க விழுந்துகொண்டிருந்தது.

அவள் உள்ளே வர முடியாது. அவர் வெளியே போக முடியாது. நடுவில் நாலு விரற்கடை மஞ்சள் பெயின்ட்.

மணி பத்து. கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். இருதயத்துக்கான காலை மாத்திரை. இங்கே வந்ததிலிருந்து அவள் கையால்தான் கொடுக்கிறாள். விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றைப் பிதுக்கிக் கோட்டுக்கு மேலே நீட்டினாள்.

அவர் இடது கையை நீட்டினார்.

நீட்டிய பிறகுதான் உறைத்தது. பிறவியிலேயே அவளுக்கு இடது கைப் பழக்கம். சோறானாலும் பேனாவானாலும் அந்தக் கைதான் முதலில் போகும். புறங்கையில் அடித்து அடித்து மாற்றியவர் அவர்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட மருந்தை அந்தக் கையில் வாங்க விட்டதில்லை.

அவள் நீட்டிய கையைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் போயிருந்த மற்றக் கையைப் பார்த்தாள்.

“சோத்தாங்கைய நீட்டுங்கப்பா.”

அதட்டவில்லை. மாத்திரை அவள் விரல்களிலேயே இருந்தது.

ரயில் வந்து நின்றது. கட்டத்தில் இருந்தவர்கள் சிகரெட்டைத் தொட்டியில் நசுக்கிவிட்டு ஏறப் போனார்கள். பாக்கெட்டை நீட்டிய கிழவர் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். கட்டத்துக்குள் இப்போது அவர் ஒருவர்தான். இந்த வாடைக்கு இனி வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

கையை முன்னால் கொண்டுவந்து விரித்தார்.

கசங்கிய துண்டு. கரி. நடுவில் சிவந்து கிளம்பிய கொப்புளம்.

அவள் மாத்திரையை அந்தக் கையில், துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். சாம்பலோடு சேர்த்து விழுங்கினார். எப்போதும் போல விழுங்கும் வரை பார்த்தாள். பிறகு பாட்டிலை வாங்கி மூடிக்கொண்டு ரயிலை நோக்கி நடந்தாள்.

அவர் துண்டைத் தொட்டியில் போட்டார்.

கையில் இப்போது எதுவும் இல்லை. கோட்டைத் தாண்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லாது. கால்தான் வரவில்லை.

கதவு மூடிவிடாதபடி மகள் ரயிலின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வாங்கப்பா என்று மட்டும் சொல்லவில்லை.