சி சேட்டன்

“எந்தா அஜிதா, உன் ஆளு இன்னைக்கு வந்தாச்சா?” ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள் ஷிஜா.

“ஆளுமில்ல கீளுமில்ல. வெறும் நம்பர்” என்று முகத்தைச் சுளித்தாள் அஜிதா. ஆனால் கண் என்னவோ போனைவிட்டு நகரவில்லை.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துப் பெண்கள் ஹாஸ்டல் அது. அறைத் தோழிகள் ஷிஜாவும் இன்னொருத்தியும் ஐ.டி. கம்பெனிக்காரிகள். அவர்கள் சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் அஜிதாவுக்குப் பேச்சுத் துணை தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன்தான்.

வங்கித் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பதற்கென்று தோழி ரெம்யா தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இருந்தான் அந்த ‘ஆள்’. தினம் ஓர் இங்கிலீஷ் பத்தி, கீழே ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து விடைகள். சரியானதைப் போட வேண்டும்.

குழுவில் சிலருக்கு வேலை கிடைத்தது, சிலருக்குக் கல்யாணம் ஆனது, சிலர் கல்ஃபுக்குப் பறந்தார்கள். ரெம்யாவே பாஸாகிப் பாலக்காட்டுப் பக்கம் போய்விட, பத்தி போடுகிற வேலை அஜிதா தலையில் விழுந்தது. புது ஆட்கள் வரட்டும் என்று குழுவின் லிங்க்கைத் தன் ஸ்டேட்டஸில் போட்டு, பார்க்கிறவர்கள் நாலு பேருக்கு அனுப்பட்டும் என்று எழுதிவைத்தாள்.

வந்தது முன்பின் தெரியாத ஒரே ஒரு நம்பர். பேர் இல்லை, படம் இல்லை, மருந்துக்கு ஒரு ‘ஹாய்’ இல்லை. எந்தப் பத்தி போட்டாலும், எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் ‘சி’. ‘சி சேட்டன்’ என்று ஷிஜா பேர் வைத்தது அதனால்தான்.

“சேட்டன் உன்மேல ஒரு இதுல இருக்கான்டி. இல்லாட்டி ஆரு இப்படித் தெனம் வருவான்?” எல்லையோரப் பாறசாலைக்காரியான ஷிஜாவுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும்.

“ஒரு இதுவும் இல்ல. எல்லாத்துக்கும் ஒரே எழுத்தைப் போட்டா அஞ்சுல ஒண்ணு தேறும்னு சில பேரு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க. தப்புக்குக் கால் மார்க் போகும்னுகூடத் தெரியாத சோம்பேறி!”

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த ஊமை நம்பரும் இல்லாவிட்டால் தன்னைத் தேட உலகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பொன்முடி தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தை மகன் வீரபாண்டிக்குக் கழுத்தை நீட்டு என்றார் அப்பா. பேங்க் வேலை வாங்காமல் மாட்டேன் என்று பஸ் ஏறிவிட்டாள் இவள்.

“போறவ போ. எனக்குப் போன் மட்டும் பண்ணாத” என்றார் அவர். பொல்லாத மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஓணத்துக்குக் கூப்பிட்டாள், தீபாவளிக்குக் கூப்பிட்டாள், எடுக்கவே இல்லை. அழுது தீர்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

பகலெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுவிட்டு வந்து, ராத்திரி யாருக்காகப் படிக்கிறோம் என்று சமீபத்தில் அவளுக்கே புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இன்னும் ஹால் டிக்கெட்கூட எடுக்கவில்லை.

“இன்னைக்கு அவனுக்கு ஒரு பொறி வெச்சிருக்கேன் பாரு” என்று போனைக் காட்டினாள்.

தேனீக்கள் ஏன் குறைகின்றன என்று ஒரு பத்தி. ஐந்து கேள்விக்கும் ‘சி’ விடை மட்டும் வேண்டுமென்றே எழுதிய கூத்து. தேனீக்கள் கல்ஃபுக்கு வேலைக்குப் போய்விட்டன. தேனீக்கள் லீவு போட்டிருக்கின்றன. இதை எழுதியவளுக்குக் கிறுக்கு.

ஷிஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காத. படிச்சுப் பாக்கிறவன் எவனும் இதைத் தொடமாட்டான். இன்னைக்கு ஒரு கேள்விக்காவது ஒழுங்காப் பதில் போட்டான்னா ஞாயித்துக்கிழமை பரீட்சை எழுதுவேன். இல்லேன்னா குழுவைக் கலைச்சிட்டு, புஸ்தகத்தையும் கட்டி வெச்சிருவேன்.”

“அய்யோ, இது என்ன பந்தயம்டி! அவனை நம்பியா நீ படிச்சே?” என்றாள் ஷிஜா. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அறை ஓய்ந்தது. அஜிதா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரியாகப் போட்டுவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சக்கூடச் செய்தாள்.

டிங்.

சி, சி, சி, சி, சி.

வந்ததே கோபம்! அந்த நம்பரை அதுவரை அவள் கூப்பிட்டதில்லை. இப்போது அழுத்தினாள். மணி வெகுநேரம் அடித்து, எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் காற்று ஓவென்று இரைந்தது.

“ஹலோ, சேட்டா...” என்று மலையாளத்தில்தான் ஆரம்பித்தாள். ஆத்திரத்தில் அது எங்கேயோ ஓடிப்போய்த் தமிழ் பொரிந்தது.

“ஒரு வரியாவது படிச்சீங்களா? தேனீ கல்ஃபுக்குப் போச்சாம், அதுக்கும் சி! எழுதினவளுக்குக் கிறுக்காம், அதுக்கும் சி! எனக்கு இங்க யாருமே இல்லைங்க. கூடப் படிக்க ஒருத்தராவது இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் பொய்தானா? போதும். நான் பரீட்சையும் எழுதல, ஒண்ணும் எழுதல. குழுவை இப்பவே கலைக்கேன்!”

காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சீ என்றாகிவிட்டது அவளுக்கு. போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

“கலைச்சிராத மக்களே... அப்பாவுக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?”