இடது காது

குழந்தை அழத் தொடங்கியதும் அவள் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

இப்போது தெரிந்துவிடும்.

யாருடைய கை என்று.

மனையியல் கல்லூரியின் பயிற்சி இல்லம் அது. கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு. அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு தடவை கூடிச் சாப்பிடுவோம் என்று ஒரே ஆண்டில் படித்த பழைய மாணவிகள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. அழுதது மரகதம் அம்மாளின் பேத்தி பெற்ற குழந்தை.

அவள் மாணவி இல்லை. யாரோ ஒருவருடைய தங்கை என்று நினைத்து அவளுக்கும் இலை போட்டிருந்தார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இந்த வீட்டின் குழந்தை. இவர்கள் படித்த ஆண்டின் குழந்தை.

அந்தக் காலத்தில் மனையியல் படித்தவர்கள் இங்கே தங்கிக் குடித்தனம் நடத்தப் பழகினார்கள். சமையல், சலவை, வரவு செலவு.

கூடவே ஒரு குழந்தையும்.

அனாதை ஆசிரமத்திலிருந்து வரும். படிப்பு முடிந்ததும் தத்துப் போய்விடும். அடுத்த ஆண்டு வேறொன்று வரும். எந்தக் குழந்தை வந்தாலும் பெயர் அல்லிதான்.

வாரத்துக்கு ஒரு அம்மா. திங்கட்கிழமை காலையில் ஒருத்தி ஏப்ரனைக் கழற்றுவாள். துவைக்காமல் அதையே அடுத்தவள் கட்டிக்கொள்வாள். வாசனை மாறினால் குழந்தை கண்டுபிடித்துவிடுமாம்.

கொஞ்சக் கூடாது. தோளில் போட்டுத் தூங்க வைக்கக் கூடாது. தொட்டிலில் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அழுதால் அழட்டும். சுவரில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வார்டன் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கண்ணாடி இன்னும் இருந்தது.

வளர்த்த அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். உனக்கு இடது காது மடலை நீவிவிட வேண்டும். அப்போதுதான் கண் மூடுவாய். அங்கே யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

யாரோ.

வார்டனின் கண்ணுக்குத் தப்பி ஒருத்தி, ஒரே ஒருத்தி, அவளைத் தொட்டிருக்கிறாள்.

அந்த ஒருத்தியைத் தேடித்தான் வந்திருக்கிறாள். பார்த்தால் போதும். கையைப் பிடித்துக்கொள்ள விட்டால், அது போதும்.

மரகதம் அம்மாள் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்தார். அவருடைய கட்டை விரல் தானாக மேலே போனது.

இடது காதுக்கு.

அவள் எழுந்தாள். ஓர் அடி முன்னால் வைத்தாள்.

குழந்தை அடங்கவில்லை. "நீ வச்சிருந்தா விடிஞ்சிரும், இங்க குடு" என்று பக்கத்து இலையில் இருந்த ஹெப்சிபா பிடுங்கிக்கொண்டார். மடியில் கிடத்தினார். அவருடைய விரலும் போனது.

அதே இடத்துக்கு.

அவள் நின்றுவிட்டாள்.

மரகதம் அம்மாளும் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டி ஹெப்சி, காதை எதுக்குடி நீவற?"

"நீ எதுக்கு நீவுன?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அடிப்பாவி! நீயுமா? நான் மட்டுந்தான் கள்ளத்தனம் பண்றேன்னு இத்தனை வருசமா நெனச்சுட்டிருந்தேன்."

"முதுகைக் கண்ணாடிக்குக் காட்டிட்டு நிப்பேன். வார்டன் பாத்தா சர்டிபிகேட் போச்சு. ஆனா அல்லி விட மாட்டாளே. என் விரலை இழுத்து அவளே வச்சுக்குவா."

"எங்கிட்டயும் அப்படித்தான்."

எங்கிட்டயும், எங்கிட்டயும் என்று பந்தி முழுக்கக் குரல்கள். சிரிப்பு. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பழக்குனது யாருடி?"

எல்லோரும் விசாலம் அம்மாள் பக்கம் திரும்பினார்கள். முதல் வாரம் அவருடையது.

அவளும் திரும்பினாள்.

விசாலம் அம்மாள் சிரிக்கவில்லை. மோர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னைய ஏன் பாக்கறீங்க? நான் பழக்கலை அம்மணி. ஆசிரமத்துல இருந்து கொண்டாந்து தொட்டில்ல போட்டுட்டுப் போனாங்க. போர்வையைச் சரி பண்ணக் குனிஞ்சேன். வெரலைப் புடிச்சுட்டா."

"ஆசிரமத்துல பழக்கியிருப்பாங்க."

"அங்கயா? அத்தன குழந்தைக்கும் ஒரே ஆயா. அதுவும் முந்தின ராத்திரிதான் பெத்தவ கொண்டாந்து விட்டாளாம், காலையில நம்மகிட்ட அனுப்பிட்டாங்க."

டம்ளர் நின்றது.

"வாரப்பவே அந்தப் பழக்கத்தோடதான் வந்தா."



ஹெப்சிபாவின் மடியில் குழந்தை தூங்கிப்போயிருந்தது.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். எதிரே கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டு. அதில் அவளுடைய முகம் தெரிந்தது.

இடது காதில் ஒரு விரல் இருந்தது.

எப்போது கையைத் தூக்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள்.

விரல் மெதுவாக நீவத் தொடங்கியது.